மைக் இல்லாத லைன்

லிஃப்டுக்குள் இருந்த இண்டர்காம் மைக்கைக் கழற்றி மடியிலேயே வைத்திருந்தாள் கயல். ஒயரின் அந்த முனையில் இப்போது எதுவுமே இல்லை. ஆனாலும் லேப்டாப் திரையில் பச்சைக் கோடு துடித்தது. மூன்று துடிப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

அலைகளைப் பார்க்க ஒரு ஆஸிலாஸ்கோப் வாங்கித் தரச் சொல்லி இரண்டு வருடமாகக் கம்பெனியில் கேட்டு அலுத்துப்போனவள் அவள். “லேப்டாப்லயே பாத்துக்கோம்மா” என்பதுதான் பதில். அவளே இரண்டு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, லேப்டாப்பின் மைக் துளைக்குள் இண்டர்காம் லைனைச் செருகி, ராஜா அண்ணாமலைபுரத்து இந்த அடுக்குமாடியின் தரைத்தளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிறு மத்தியானம், இங்கே வீட்டு வேலை செய்துவந்த ஆரோக்கியமேரி மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் சிக்கிக்கொண்டாள். ஆஸ்துமாக்காரி. இரண்டரை மணி நேரம் கழித்துப் பிணமாகத்தான் வெளியே வந்தாள். அவள் இண்டர்காமைத் தொடவே இல்லை என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜவஹர் போலீஸில் சொல்லியிருந்தார். இண்டர்காம் ஒழுங்காக இருக்கிறது என்று கயல் இன்று எழுதித் தர வேண்டும்.

ஆனால் தரைத்தளத்து இண்டர்காம் பெட்டியைத் திறந்ததுமே அவள் பார்த்துவிட்டாள். ஸ்பீக்கரின் வால்யூம் திருகு சைபரில் இருந்தது. அசையாதபடி பசை ஊற்றி ஒட்டியிருந்தது.

“யாரு சார் இத ஒட்டினது?”

பின்னால் நின்ற ஜவஹர் தொண்டையைச் செருமினார். “பசங்க சும்மா சும்மா அழுத்துவாங்கம்மா. மத்தியானம் தூங்க முடியல. அத விடு, லைன் நல்லாருக்குன்னு எழுது.”

கயல் மறுபடி திரையைப் பார்த்தாள். அந்தத் துடிப்பு கரண்டின் இரைச்சலாக இருக்கும் என்று சார்ஜரைப் பிடுங்கினாள். கோட்டின் மெல்லிய நடுக்கம் அடங்கியது. துடிப்பு அடங்கவில்லை. மூன்று. இடைவெளி. மூன்று.

ஹெட்போனை மாட்டினாள். இரும்புத் தகட்டில் உள்ளங்கை அறையும் சத்தம். அதற்குப் பின்னால், சளி கட்டிய நெஞ்சு காற்றை இழுத்து இழுத்துத் தோற்கிற சத்தம். பெட்டிக்குள்ளிருந்து ஃபினாயில் நெடி வந்தது.

“யாராவது கீறீங்களா... மூச்சு வுட முடியல...”

கயல் ஹெட்போனைக் கழற்றி ஜவஹரிடம் நீட்டினாள். “லைன்ல அந்தம்மா கீறாங்க சார். கேட்டுப் பாரு.” அவள் பேச்சில் மரியாதை உதிர்ந்துவிட்டிருந்தது.

அவர் ஹெட்போனைத் தொடவில்லை. முகம் வெளிறியது, உடனே சிவந்தது. “மிரட்டுறியா? நீ ஒண்ணும் எழுத வேணாம். வேற ஆளக் கூட்டியாறேன்!” லிஃப்டுக்குள் ஏறினார். கதவு மூடிக்கொண்டது. கயல் ஹெட்போனை மறுபடி மாட்டினாள்.

கதவின் மேல் லிஃப்டின் மாடி எண்கள் மாறின. ஒன்று. இரண்டு. மூன்று.

நின்றது.

ஹெட்போனில் தட்டுகிற சத்தமும் நின்றது. மூச்சு மட்டும். அது வேகமாக, ஆசையாக, எதையோ நெருங்கியது. பிறகு ஜவஹரின் குரல்.

“யாரு? யாரு அது? ஏம்மா, கீழ... கேக்குதா?”

கேட்டது. கயலின் விரல் லிஃப்டைக் கீழே அழைக்கும் தரைத்தளப் பொத்தானுக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது. ஒரு நொடி. இரண்டு. திருகில் காய்ந்துபோன பசையைப் பார்த்தாள். ஐந்து. பத்து.

அழுத்தினாள்.

லிஃப்ட் மெல்ல இறங்கியது. கதவு விலகியது.

ஜவஹர் அவளைப் பார்த்தபடி நின்றிருந்தார். உள்ளே அவர் ஒருவர்தான். கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, வாயை முழுக்கத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். அந்த அலறல் காதைத் துளைக்க, கயல் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

தளத்தில் ஒரு சத்தமும் இல்லை. அடையாற்றுப் பக்கமிருந்து ஒரு காக்கை கரைந்தது, அவ்வளவுதான். இரண்டடி தூரத்தில் அந்த வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

லேப்டாப்பில் பச்சைக் கோடு திரையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மாறி மாறி இடித்தது.