கீழ்த்தளத்துக் கதவு

சென்னையிலிருந்து வந்த லாரி, மதியம் இரண்டு மணிக்கு ஓசூர் உருக்காலை யார்டில் பழைய இரும்பைக் கொட்டிவிட்டுப் போனது. கேஸ் கட்டர் பிடிக்கும் திம்மப்பனின் பங்குக்கு வாய்த்தது ஆள் உயரத்துக்கு ஒரு துருப்பிடித்த பெட்டி. இருபுறமும் கனத்த கதவுகள், நடுவே மூடிக்கிடந்த குறுகிய அறை. மூழ்கிய கப்பலின் துண்டாம். சூப்பர்வைசர் ராஜ்குமாருக்கு வாய் சும்மா இருக்காது. கதையையும் சொல்லிவிட்டார்.

"ரங்கூனுக்கு ஜனங்கள ஏத்திக்கினு போன நீராவிக் கப்பல்பா. சண்டை வந்ததும் வெள்ளைக்காரன் எடுத்துக்கினான். சாப்பாட்டு ஹாலெல்லாம் இடிச்சு, மூணடுக்குக் கட்டில் போட்டு பட்டாளத்த ஏத்துனான். குண்டு பட்டு தண்ணி பூந்துச்சு. கப்பலக் காப்பாத்தறதுக்குக் கீழ்த்தளத்துல இந்தக் கதவ மூடிட்டாங்க. உள்ள எழுபது பேரு, உயிரோட. ரொம்ப நேரம் தட்டுனாங்களாம். அப்பவும் கப்பல் முழுகிப்போச்சு."

மூடிய இரும்பை அப்படியே உலையில் போடக் கூடாது. உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தாலும் உலை வெடித்துவிடும். கட்டர்காரன் துளை போட்டுப் பார்த்து, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட பிறகே கிரேன் தூக்கும். உலை வாயில் நிற்பவன் திம்மப்பனின் தம்பி சுபாஷ். "எங்கண்ணன் சாக்பீஸ் போட்டா நான் திரும்பிக்கூட பாக்கமாட்டேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

திம்மப்பன் நெருப்பைப் பற்றவைத்துக் கதவருகே கொண்டுபோனான்.

டொக்.

வெயிலில் இரும்பு விரிகிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

டொக். டொக். டொக்.

காதை வைத்துக் கேட்டான். உப்பு வாடை குப்பென்று அடித்தது. உள்ளே பலர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதுபோல் இருந்தது.

துள்ளிப் பின்வாங்கினான். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். இந்தச் சனியன் கண்ணைவிட்டு ஒழிந்தால் போதும் என்று மட்டும் தோன்றியது. நெருப்பை அணைத்தான். துளை போடாமலே சாக்பீஸை எடுத்துப் பெருக்கல் குறி போட்டான்.

கிரேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உலைக்கூடத்துக்குள் போனபோதுதான் தம்பி நினைவு வந்தது. ஓடினான்.

"சுபாஷு! எறங்குடா! ஓடியாடா!"

வெடித்தது.

கூடம் முழுக்கத் தீ. ராஜ்குமார் திம்மப்பனை வெளியே யார்டுக்கு இழுத்துப்போட்டு, தீத்தடுப்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். யார்டு பக்கம் கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால், வெளியேற வழியில்லாமல் முப்பது தொழிலாளர்கள்.

உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"சார், தம்பி சார். உயிரோட இருக்கறான். தொறங்க."

"தொறந்தா சிலிண்டர் வெடிக்கும்டா. முப்பது உசுரு." ராஜ்குமார் தாழ்ப்பாளை விட்டு விலகி நின்றார். "உன் தம்பி. நீயே சொல்லு."

திம்மப்பன் தாழ்ப்பாளில் கை வைத்தான். திரும்பி அந்த முப்பது முகங்களையும் பார்த்தான்.

கையை எடுத்துவிட்டான்.

தட்டுவது பத்து நிமிடம் கேட்டது. பிறகு நின்றது.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் கதவைத் திறந்தபோது சுபாஷ் உலையடியில் கிடந்தான். கதவிலிருந்து நாற்பது அடி தூரம். வெடித்த நொடியிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். கூடத்தில் வேறு ஆளில்லை. அந்தத் தீயிலும் கதவின் உட்புறம் நனைந்திருந்தது. ஈரத்தில் உள்ளங்கைத் தடங்கள். எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.

திம்மப்பன் அதன்பின் வேலைக்குப் போகவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சொந்த ஊருக்கே திரும்பினான். போன மறுநாள் வாசல் கதவைக் கழற்றினான். பிறகு சமையலறைக் கதவு, ஜன்னல் கதவுகள், பீரோ கதவும்கூட.

"ஆனை வர்ற ஊருல கதவில்லாம எப்பிடிய்யா இருக்கறது?" என்று மனைவி ஜோதிமணி அழுதாள். அவன் கழற்றியதையெல்லாம் அடுக்கி எரித்துச் சாம்பலாக்கினான். பீரோ தகரத்தை ஏரியில் எறிந்தான்.

மறுநாள் மதியம் ஜோதிமணி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி பாதியில் நின்றது.

"யாருய்யா அது," என்றாள் மெதுவாக, "கதவத் தட்டறது?"