ஐந்தாவது ‘வெளியே’

தம்பியின் செய்தியில் கிண்டல் இல்லை. அதுதான் அக்காவுக்கு முதலில் உறுத்தியது.

சிமெண்ட் கலவை உருளையைக் கழுவ உள்ளே இறங்குகிற ஐந்து பேரும் போனை வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவார்கள். ஏறி வந்ததும் அவரவர் போனை எடுத்துக் குழுவில் ‘வெளியே’ என்று போடுவார்கள். ஐந்து செய்தியும் வந்தால் மாடியறையிலிருந்து அக்கா உருளையைச் சுற்றவிடுவாள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. குழுவைப் பார்த்தால் போதும் என்று பழகிவிட்டது. தம்பி மட்டும் ஒருநாளும் வெறுமனே போட்டதில்லை. ‘வெளியே. மகாராணி இனி பொத்தானை அமுக்கலாம்’ என்பான்.

இன்று ஒற்றைச் சொல்.

உச்சி வெயிலில் தகரக் கூரை முனகியது. சன்னல் கண்ணாடியில் தூசி அப்பிக் கீழே நடமாடுகிறவர்களெல்லாம் ஒரே சாம்பல் நிழலாகத் தெரிந்தார்கள். ஈரச் சிமெண்ட் வாடை, யாரோ முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் அறைக்குள் நின்றது. தம்பியின் எண்ணுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மேஸ்திரிக்கு அடித்தாள்.

“அண்ணே, தம்பி பக்கத்துல இருக்கானா?”

“அஞ்சும் வந்தாச்சேம்மா. குரூப்பப் பாரு. லாரிக்காரன் என் உசுர வாங்குறான்.”

“ஆள கண்ணால பாத்தீங்களா?”

“சாப்பாட்டு நேரம். உன் தம்பி இந்நேரம் சட்டிக்குள்ள தலைய விட்டிருப்பான். நீ போடும்மா.”

போட்டாள்.

உருளை ஒருமுறை இருமிவிட்டுச் சுழன்றது. முதல் சுற்று முடியும்போது போன் அதிர்ந்தது. தம்பி. ‘வெளியே’. இரண்டாம் சுற்று. ‘வெளியே’. மூன்றாவது.

நிறுத்தினாள். படியில் இறங்கினாளா, விழுந்தாளா என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை.

உருளை மேடையில், கழுவ இறங்கியவர்களில் நால்வர். கையில் நான்கு போன்.

மேஸ்திரி இரும்புப் பெட்டியைத் திறந்தார். தம்பியின் போன் உள்ளே கிடந்தது. அமுக்கிப் பார்த்தார். உயிர் இல்லை.

“காலையிலயே சார்ஜ் செத்துருச்சுன்னானே...” என்றான் ஒருவன்.

உருளையின் மூடியைக் கழற்றினார்கள். இருட்டு. எதுவோ சொட்டுகிற சத்தம்.

கலவையோடு வழிந்து வந்து மேடையில் விழுந்தது ஒரு கை. அவள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம். முழங்கைக்கு மேல் ஒன்றுமில்லை.

“டேய்... தம்பி...”

உள்ளங்கை வெறுமையாக இருந்தது. அதன்மேல் கட்டைவிரல் அசைந்தது. மெதுவாக. ஓர் எழுத்து. இன்னோர் எழுத்து.

மேடையில் எல்லார் போன்களும் ஒன்றாக அதிர்ந்தன.

விரல் நிற்கவில்லை.