ஓர் உடலுக்கு அனுமதி

மாலை மணி அடித்து ஓய்வதற்குள் வண்டியைக் கோட்டை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். கழுதை வாயில் நுரை தள்ளியது. வண்டியில், கித்தான் துணியில் சுற்றித் தைத்த ஓர் உடல். நாற்றம் அடங்கட்டும் என்று உள்ளே கைநிறையச் சுண்ணாம்பு தூவியிருந்தேன். நான் சுண்ணாம்புச் சூளைக்காரன். என்னிடம் வேறென்ன இருக்கும்?

வாசல் காவல்காரன் பூத்ரோஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். என்னைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"என்ன தூமா, பிரபுவையே சுண்ணாம்பு மூட்டை கணக்கா கட்டிப் போட்டிருக்க" என்றான். சொன்ன பிறகுதான் உறைத்தது போல. இரும்புத் தொப்பியைக் கழற்றினான். "அவர்தானா?"

"அவர்தான்."

அந்தப் பொய்யை நான் முதலில் சொன்ன இடம் அதுதான்.

இம்பேர் பிரபு பரங்கி. அவருடைய பாட்டனார் துணிச் சிலுவையைத் தோளில் தைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்து, வாளால் இந்த மலையைப் பிடித்தவர். அதற்கு முன்பு துருக்கியருக்குக் கல் சுமந்த எங்கள் ஆட்கள், அதற்குப் பிறகு பரங்கிகளுக்குச் சுமந்தார்கள். இம்பேர் பிரபு நல்லவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வரியில் ஒரு படி எண்ணெய்கூட விட்டதில்லை. ஆனால் என் மகன் பெயர் அவருக்குத் தெரியும்.

ஒருமுறை சாரம் சரிந்து அவருடைய இடது கால் ஒடிந்தது. எலும்பு வளைந்தே கூடியது. அதிலிருந்து அந்தக் காலை இழுத்துத்தான் நடப்பார். குதிரையைத் தூண்டக் குதிகாலில் மாட்டிய குதிமுள் தரையில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

சர்ர்ர்... கிணிங்.

தினமும் பொழுது சாயும்போது சுவர் வேலையைப் பார்க்க வருவார். எங்கள் பாஷையில் அவருக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். அதையும் கோணலாகச் சொல்வார்.

"வேலே மூடிஞ்சுதா?"

"இன்னும் மூடல பிரபு, தொறந்துதான் கெடக்கு" என்று யாராவது சொல்வான். நாங்கள் சிரிப்போம். என்னவென்று புரியாமலே அவரும் சிரிப்பார்.

என் மகன் சர்கீஸ் அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டான். வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. ஆறு வயதில் என் கை நழுவி விழுந்த கல் நசுக்கியது. அதற்காக அவன் ஒருநாளும் என்னை முறைத்ததில்லை.

அந்தக் கோடையில் பிரபு படையைத் திரட்டிக்கொண்டு வறண்ட ஆற்றுப் பக்கம் இறங்கினார். இருநூறு குதிரை. கூடவே சர்கீசும். ஒன்றும் திரும்பவில்லை.

ஆறாம் நாள் எதிரித் தளபதி ஆள் அனுப்பினான். ஆயுதம் இல்லாத ஒருவன் ஒரு வண்டியோடு வரலாம். ஓர் உடலை எடுத்துப்போகலாம். அவ்வளவுதான்.

பிரபுவின் மனைவி எஸ்கிவா சீமாட்டி என்னைக் கூப்பிட்டார். "நீதான் அவரைத் தெனமும் பார்த்தவன். உன் கண்ணுக்குத் தப்பாது. கொண்டு வந்துடு தூமா."

தெருமுனையில் என் மனைவி ஷமூனி நின்றாள். "அப்படியே நம்ம புள்ளையையும் பார்த்துட்டு வாய்யா."

ஆற்றில் எல்லோரும் உடுத்த துணிகூட இல்லாமல் கிடந்தார்கள். ஆறு நாள் வெயில். யாருக்கும் முகம் இல்லை. வளைந்த காலை வைத்துப் பிரபுவைக் கண்டுபிடித்தேன். அவர் நெஞ்சின்மேல், அம்பை மறிக்கப்போனது மாதிரி, பக்கத்தில் கிடந்தவனின் வலது கை கிடந்தது.

நான்கு விரல்.

குதிரைமேல் இருந்த எதிரிக் காவலன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். "ஒண்ணுதான்."

வெகுநேரம் நின்றேன். பிறகு குனிந்து என் மகனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன்.

வாசலுக்குச் சீமாட்டி ஓடிவந்தார். துணியைப் பிரிக்கச் சொல்லவில்லை. மேலோடு தடவினார். கை இடது முழங்காலிலிருந்து கணுக்கால்வரை மெல்ல இறங்கி நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"கோயிலுக்குக் கொண்டுபோங்க" என்றார்.

கோட்டைக் கோயிலின் தரைக்கடியில் என் மகனை வைத்து, பிரபுவின் பெயர் வெட்டிய கல்லால் மூடினார்கள். நாற்பது மெழுகுவர்த்தி. கூட்டத்தின் கடைசியில் நின்று ஷமூனி என் காதோரம் முணுமுணுத்தாள். "குடுத்துவச்ச மகராசி. அழ ஒரு எடமாவது கெடச்சிருக்கு. எம்புள்ளைக்கு அதுவும் இல்ல."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருப்பவன் யாரென்று தெரிந்தால் அவள் அங்கேயே விழுந்து கதறுவாள். கோட்டைக்கே தெரிந்துவிடும். குதிரைக்காரனைப் பிரபுவின் குழியிலிருந்து தோண்டி நாய்க்குப் போடுவார்கள்.

மூன்றாம் நாள், மாலை மணி ஓய்ந்து கதவு சாத்திய பிறகு, வாசலில் கல் ஏற்றிக்கொண்டிருந்தோம். வெயிலில் காய்ந்த மண்ணின் வாசனை வந்தது. ஆற்று மண்.

சர்ர்ர்...

பூத்ரோஸ் என்னைப் பார்த்தான்.

கிணிங்.

கதவுக்கு வெளியே யாரோ நின்றார்கள். மூச்சு கேட்கவில்லை.

"வேலே மூடிஞ்சுதா?"

பூத்ரோஸ் கையிலிருந்த ஈட்டி விழுந்தது. "தூமா... அவரைத்தான் பொதச்சாச்சே?"

நான் குனிந்து அடுத்த கல்லைத் தூக்கினேன்.

அதன்பின் தினமும் வந்தது. பாதிரியார் தண்ணீர் தெளித்தார். பேய் அதட்டவில்லை, மிரட்டவில்லை. தன் வீட்டு வாசலில் நிற்கும் மனிதன் கேட்கிறதுபோல ஒரே ஒருமுறை கேட்கும். பதில் வராது. காலை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் சீமாட்டி வாசலுக்கு வந்தார். மற்றவர்களைப் போகச் சொன்னார். சத்தம் வந்து, கேட்டு, திரும்பிப் போகும்வரை கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றார்.

"அந்தக் காலுக்கு எட்டு வருஷம் எண்ணெய் தேய்ச்சவ நான்" என்றார். "நீ கொண்டுவந்த கால் நேரா இருந்துச்சு தூமா."

"என் மகன், அம்மணி."

அடிப்பார் என்று தலையைக் குனிந்தேன். அடி விழவில்லை.

"அன்னிக்கே கேட்டிருப்பேன். உன் மூஞ்சியப் பார்த்தேன், கேக்க முடியல." கதவிலிருந்து நெற்றியை எடுத்தார். "ராஜா புதுப் பிரபுவை அனுப்பறார். நான் அவருக்கு வாழ்க்கைப்படணுமாம். கோயில் கல்லை இனிமே தூக்க முடியாது. தூக்கினா உன் புள்ள தெருவுக்கு வந்துடுவான். நீ தூக்குல தொங்குவ. ஆனா அவர் வெளியே நிக்கிறார் தூமா. உள்ளே எங்கேயாவது வச்சுடு. எங்கேன்னு எங்கிட்ட சொல்லாத. அங்கேயே வந்து உக்காந்துடுவேன்."

எதிரிப்படை போன பிறகு, முதல் மழைக்கு முன் ஆற்றுக்குப் போனேன். வளைந்த எலும்பைத் தேடி எடுத்தேன். அதைச் சுற்றிக் கிடந்ததை எல்லாம் சாக்கில் போட்டேன். சுண்ணாம்பு மூட்டை என்று சொல்லி வாசலைத் தாண்டினேன்.

கோட்டைக்குள் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டும்போது ஷமூனி வந்துவிட்டாள். சாக்கைப் பார்த்தாள்.

"கொண்டாந்துட்டியாய்யா?"

மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"கொண்டாந்துட்டேன்."

அந்தச் சாக்கை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை தாலாட்டினாள். பரங்கிப் பிரபுவுக்கு என் மகனின் தாலாட்டு.

கொல்லையில் புதைத்த பிறகு கோட்டை வாசலில் சத்தம் நின்றது. சீமாட்டி புதுப் பிரபுவோடு கோயிலுக்கு வரும்போது என் பக்கம் திரும்புவதில்லை. நான் கோயில் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக எழுத்துக் கற்றுக்கொண்டேன். இந்த வயதில் எதற்கென்று பாதிரியார் சிரித்தார். அந்தக் கல்லைப் படிக்கத்தான். நான் முதன்முதலில் கூட்டிப் படித்த பெயர் இம்பேர். அதன்கீழ் என் பிள்ளை இருக்கிறான்.

குளிர் தொடங்கிய ஒரு மாலை. மணி ஓய்ந்தது. ஷமூனி அடுப்படியில் இருந்தாள்.

சர்ர்ர்... கிணிங்.

எங்கள் வீட்டு வாசல்.

"வேலே மூடிஞ்சுதா?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஷமூனி முகம் மலர்ந்து எழுந்தாள்.

"அம்மான்னு கூப்பிடுறான்யா! உனக்குக் கேக்கல?"

"ஷமூனி... அவன் நடை இப்படி இல்லையே."

"சண்டைக்குப் போனவன், கால்ல அடிபட்டிருக்காதா? நீயெல்லாம் ஒரு அப்பனா!"

கோதுமைக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வாசற்படியில் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் வைக்கிறாள். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். நாய் குடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று அவளுக்கு முன்பே எழுந்து கதவைத் திறந்தேன். புழுதியில் கொல்லையிலிருந்து வாசல்வரை ஒரு கோடு. குதிமுள் இழுத்த கோடு. அதை எதிர்பார்த்திருந்தேன்.

கோயில் பக்கமிருந்து வந்த இன்னொரு தடத்தை எதிர்பார்க்கவில்லை. வெறுங்கால். இரண்டும் படியருகே சேர்ந்து நின்றிருந்தன. குதிரைக்காரன் எஜமானுக்கு ஓரடி பின்னால் நிற்பானே, அப்படி.

கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். வெளிப்புறத்தில் வெள்ளையாக ஒரு கைத்தடம்.

சுண்ணாம்பு.

நான்கு விரல்.