பள்ளத்தாக்குக்குப் போகாத பாஸ்போர்ட்

வேதசிரோமணி வாத்தியார் அந்தப் பழுப்பு உறையை மேஜைமேல் போட்ட வேகத்தில், வாஜித் வெட்டி வைத்திருந்த போட்டோக்கள் நான்கும் கீழே பறந்தன.

"பாரு. திருடினவனே திருப்பி அனுப்பியிருக்கான். ஸ்டாம்பு குறைச்சல்னு தபால்காரர்கிட்ட தண்டம் வேற கட்டி வாங்கினேன்."

உறைக்குள் அவருடைய பாஸ்போர்ட் இருந்தது. கூடவே ஒரு வரி எழுத்துகூட இல்லை.

அந்தப் பாஸ்போர்ட்டை வாஜித்துக்கு நன்றாகத் தெரியும். மேற்குத் தாம்பரத்தில் அவன் நடத்தும் ஸ்டுடியோவில்தான் விசாவுக்கான படங்கள் எடுத்தார்கள். படிவங்களை நிரப்பியதும் அவன்தான். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில், மாடு வளர்க்கும் குடும்பங்களின் பண்ணை வீடுகளிலேயே தங்கி மலைப்பாதைகளில் நடக்கிற பயணம் அது. முப்பத்து மூன்று வருஷம் தாவரவியல் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டிய ஜென்ஷியன் என்ற நீலப்பூவைப் பாறை இடுக்கில் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. 2007 ஜூன் பதினொன்றாம் தேதி புறப்பாடு. முந்தின நாள் மாலை பையைத் திறந்தால் பாஸ்போர்ட் இல்லை. கூடப் போகவிருந்த மற்ற மூவரும் போய், இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை திரும்பியும் வந்துவிட்டார்கள். இன்று திங்கள்.

"எடுத்தது பத்ரிநாராயணன்தான்" என்றார் வாத்தியார். "நாற்பது வருஷச் சிநேகிதம். இந்தப் பயணத்துக்கும் கூடப் போனவன். புறப்படறதுக்கு முந்தின நாள் நான் குளிக்கப் போனப்ப பைக்குப் பக்கத்துல தனியா உக்காந்திருந்தவன் அவன். அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை, 'இந்த வருஷம் வேண்டாம்டா'ன்னு தடுத்துப் பார்த்தான். நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன்."

வாஜித் அவரை மாடிக்கு அழைத்துப் போனான். மாடியில் ஞானாம்பாள் குடியிருந்தாள். ரயில்வே தபால் அலுவலகத்தில் முப்பது வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவள். அக்கம்பக்கத்தில் ஏதாவது காணாமல் போனால், காவல் நிலையத்துக்கு முன்னால் அவளிடம்தான் வருவார்கள். வாஜித் நாற்பது வயதுக்காரன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஆனாலும் இப்படி யாராவது அவள் வீட்டுப் படியேறினால், பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடும் பையனைப் போல அவனுக்கு ஓர் உற்சாகம் வந்துவிடும்.

ஞானாம்பாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முத்திரையின் மை கலைந்து தேதி அழிந்திருந்தது.

"அந்தப் பை இப்ப எங்க சார் இருக்கு?"

"கட்டிலடியில தள்ளிட்டேன். வச்சது வச்சபடி இருக்கு. யாரையும் தொட விடலை."

"வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் போலீசுக்குப் போகாதீங்க. அதுக்குள்ள சொல்லிடறேன்."

அன்று மாலையே சேலையூரில் வாத்தியார் வீட்டுக்கு ஞானாம்பாளும் வாஜித்தும் போனார்கள். மனைவி இறந்தபின் மகள் சரிதாதான் அவருக்கு எல்லாம். குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருந்தாள். பையை ஞானாம்பாள் பொருள் பொருளாக வெளியே எடுத்து வைத்தாள். இரண்டு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, நடப்பதற்கான பூட்ஸ், பூதக்கண்ணாடி, கோடு போட்ட நோட்டு, பத்து மாத்திரைகள் கொண்ட அட்டை ஒன்று. சரிதா தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நின்றாள்.

"பிரஷர் மாத்திரை" என்றார் வாத்தியார். "பையில இருக்கறதும் அதான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மருந்து எண்ணிக் கொடுக்கறதுல இவளை அடிச்சுக்க ஆளில்லை. பை கட்டினதும் இவதான்."

சரிதா தலை நிமிரவில்லை. அப்பாவின் கோபத்துக்கு அஞ்சுகிறாள் என்று வாஜித் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் திருமுடிவாக்கம் போனான். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் சௌகத் அலியும் அவர் மனைவியும் பயணத்தில் உடன் போனவர்கள். எடுத்த படங்களைப் பிரிண்ட் போடும்படி சௌகத் அலியே அவனிடம் கொடுத்தார். இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். செங்குத்தான பாறையிலிருந்து நூல் போல விழும் அருவி, கீழே தொழுவமும் மேலே படுக்கையறையுமாக மரவீடு, புல்சரிவில் மாடுகள்.

"ஒவ்வொரு மாட்டு கழுத்துலயும் கோயில் மணி சைசுக்கு ஒரு மணி கீது, வாஜித்து. வூட்டுக்கார அம்மாவுக்கு எழுவது வயசு. அரிவாளைத் தூக்கிகினு செங்குத்துல போய் புல்லு அறுக்குது. நான் நாலு எட்டு வச்சதுமே நாக்கு தள்ளிடுச்சு."

"பத்ரி சார் எந்தப் படத்துலயும் காணோமே?"

"அவரு எங்க வந்தாரு? பன்னெண்டு நாளும் தொழுவத்தாண்ட பெஞ்சுல உக்காந்துகினு இருந்தாரு. காசு கட்டி அவ்ளோ தூரம் வந்துட்டு, ஒரு நாள்கூட மலைமேல கால் வைக்கல. கேட்டா முட்டி வலின்னாரு."

வாஜித்துக்கு இது போதுமானதாக இருந்தது. வாரம் மூன்று நாள் பல்லாவரம் மலை ஏறுகிற மனிதருக்கு அங்கே போனதும் எப்படி முட்டி வலிக்கும்? செய்த காரியம் உறுத்தியிருக்கிறது. ஞானாம்பாளிடம் கேட்கக்கூட அவன் காத்திருக்கவில்லை. புதன்கிழமை காலை, கிழக்குத் தாம்பரம் பூங்காவில் நடைப்பயிற்சி முடித்து மூன்று நண்பர்களோடு உட்கார்ந்திருந்த பத்ரிநாராயணனின் எதிரில் போய் நின்றான்.

"வாத்தியார் பாஸ்போர்ட்டைத் திருடினது நீங்கதானே சார்? மனசு கேட்காமத்தானே மலை ஏறாம உக்காந்திருந்தீங்க?"

பத்ரிநாராயணன் அவனைப் பார்த்தார். கையிலிருந்த செய்தித்தாளை நான்காக மடித்தார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் நடந்தார். நண்பர்கள் மூவரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவர் நடக்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

விஷயத்தைக் கேட்ட ஞானாம்பாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"உன்னை யாரு போகச் சொன்னா?"

"அவர்தான் அக்கா. ஒரு வார்த்தை மறுக்கலையே."

"மறுக்காதவன் எல்லாம் திருடனா?" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாத்தியார் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். பத்ரிநாராயணனை ஞானாம்பாளே நேரில் போய் அழைத்து வந்திருந்தாள். அவர் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சௌகத் அலி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நெளிந்தார்.

ஞானாம்பாள் உறையின் ஓரங்களைப் பிரித்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தாள்.

"முத்திரை குத்தும்போது மை கலையலாம். ஆனா குத்தின அழுத்தம் காகிதத்துல பதியும். உள்பக்கம் வெளிச்சத்தைச் சாய்வா விட்டா படிக்கலாம். ஜூன் இருபது. ஸ்டாம்பு குறைச்சலான தபாலைத் தனியா எடுத்து வச்சு, கணக்குப் பார்த்துத்தான் அனுப்புவாங்க. அதான் திங்கட்கிழமை வந்திருக்கு. இருபதாம் தேதி பத்ரி சார் எங்க இருந்தாரு?"

"எங்ககூட. தொழுவத்தாண்ட" என்றார் சௌகத் அலி.

"அப்ப போனவங்க மூணு பேரும் இதை அனுப்பலை. இங்கேயே இருந்த ஒருத்தர் அனுப்பியிருக்காங்க." அவள் மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "போக வர பதிமூணு நாள். ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரைன்னா இருபத்தாறு வேணும். பையில இருக்கறது பத்து. மருந்து எண்ணிக் கொடுக்கறதையே தொழிலா வச்சிருக்கற ஒருத்தர் இப்படிக் கட்டியிருக்காங்கன்னா, ஒண்ணு கணக்கு தப்பியிருக்கணும். இல்லேன்னா அப்பா போகப் போறதில்லைன்னு முன்னாலேயே தெரிஞ்சிருக்கணும்."

சரிதா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"நான்தான்பா" என்றாள். "பல்லாவரம் மலைல பாதி ஏறினதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்களாமே. டாக்டர்கிட்ட போகலாம்னு எத்தனை தடவை கேட்டேன். அங்கேயே செத்தாலும் சந்தோஷம்னு சொன்னீங்க. அது உங்களுக்குச் சந்தோஷம். எனக்கு?"

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார். "மலைல நடந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொன்னேன்" என்றார் பத்ரிநாராயணன். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கின. மீறிட்டேன். அடுத்த வாரமே பாஸ்போர்ட்டைக் காணோம்னா எனக்குப் புரியாதா? உன்னை இங்க நிறுத்தி வச்சுட்டு, அந்தப் பாதையில நான் எப்படிடா நடப்பேன்? ஜன்னலைத் திறந்தா மலை. பன்னெண்டு நாளும் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சரிதா அழத் தொடங்கினாள். "அங்கிளைத் திருடன்னு நீங்க சொன்ன ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். இன்னிக்கு வேண்டாம், நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். பாஸ்போர்ட் வீட்டுல இருந்தா தூக்கம் வரலை. தபால்ல போட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

வெளியே ஒரு காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டே தெருவைக் கடந்து போனார். வாத்தியார் எழுந்து, தடுமாறி, பத்ரிநாராயணனுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். கூட வரியா?" என்று கேட்டார்.

"வரேன்" என்றார் பத்ரிநாராயணன்.

கூட்டம் கலைந்தபின் வாஜித் அவரைத் தெருமுனைவரை பின்தொடர்ந்தான்.

"சார், தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

பத்ரிநாராயணன் நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அது வாஜித்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கு நாலு பேர் மத்தியில சொன்னே. இன்னிக்கு யாரும் இல்லாத இடத்துல மன்னிப்பு கேட்கறே" என்றார். பிறகு நடந்துவிட்டார்.

மறுநாள் காலை வாஜித் கடையைத் திறக்கவில்லை. பூங்காவுக்குப் போனான். பத்ரிநாராயணன் அன்றும் வரவில்லை. அவருடைய நண்பர்கள் மூவரும் இருந்தார்கள். அவனைக் கண்டதும் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் கிட்டே போய் நின்றான்.

"போன புதன்கிழமை நான் இங்க வந்து பத்ரி சாரைத் திருடன்னு சொன்னேன். அவர் எதையும் எடுக்கலை. யார் எடுத்தாங்கன்னு அவருக்குத் தெரியும். அவங்களைக் காப்பாத்தத்தான் வாயைத் திறக்காம போனாரு. நான் சொன்னது பொய்."

மூவரில் மூத்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன் சார். உங்ககிட்டதான் சொல்லணும்னு புரிஞ்சுது."

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, எண்களைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து அழுத்தினார்.

"பத்ரி, நான்தான் பேசறேன். அந்த ஸ்டுடியோக்காரன் வந்திருக்கான். ஆமா, எங்க எதிர்லதான். எல்லாம் சொல்லிட்டான். நீ கிளம்பி வா."

வாஜித் போகத் திரும்பினான்.

"எங்க போறே?" என்றார் அவர், போனைக் காதிலிருந்து எடுக்காமல். "அவன் வர்ற வரைக்கும் நில்லு."

வாஜித் நின்றான்.