படகு கீழே போனது

படகுக்காரம்மா வந்து கதவைத் தட்டியபோது மணி நாலரை. ஆறு மணிக்கு அவருடைய பிழைப்பு போகப்போகிறது. நடுவில் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் முதல் ஐந்து நிமிடத்தை ஒற்று ஓர் எழுத்துக்குச் செலவழித்தார்.

ஒற்று என்பது பட்டப்பெயர். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர்; க், ச், த், ப் விட்டுப்போன இடத்திலெல்லாம் சிவப்பு மையால் குத்தியவர். ஓய்வுக்குப் பிறகு மனிதர்கள் செய்யும் பிழைகளுக்கு மாறிவிட்டார். கூடவே திரிபவன் மச்சினன். அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கலாம் என்று வந்தவன், மூன்று வருடமாக அந்த ஒரு வாரத்தை முடிக்கப் பார்க்கிறான்.

"நேத்து சாயங்காலம் ஒரு பெரியவரைப் படகுல உக்கார வச்சுட்டு, லைஃப் ஜாக்கெட் எடுக்க டிக்கெட் ரூமுக்குப் போனேங்க," என்றார் படகுக்காரம்மா. "கயித்தைக் கரை வளையத்துல கட்டிட்டுத்தான் போனேன். ரெண்டே நிமிஷம். திரும்பி வந்தா படகைக் காணோம். பாலத்துத் தூணுல போய் இடிச்சு, பெரியவருக்கு மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. நான் கட்டவே இல்லேன்னு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க. ஆறு மணிக்கு விசாரணை. என் உரிமத்தைப் பிடுங்கிட்டா நான் எங்க போவேன்?"

நோட்டீசோடு கொடுத்த கடிதத்தின் நகலை நீட்டினார். மூன்றே வரி.

'நான் தினமும் மாலை ஆற்றங்கரையில் நடக்க வருபவன். படகுக்காரி கயிற்றை கட்டாமல் போனதை என் கண்ணால் பார்த்தேன். உடனே படகு கீழே போனது.'

"'கயிற்றை'க்குப் பிறகு க் போடணும்," என்றார் ஒற்று வருத்தத்தோடு.

படகுக்காரம்மா மச்சினனைப் பார்த்தார். சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோமா என்ற பார்வை. நிலைமையைச் சமாளிக்க அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான்.

"கீழே போச்சுன்னா? முழுகிடுச்சா? முழுகின படகு எப்படி மாமா தூணுல இடிக்கும்?"

"அய்யோ தம்பி, கீழேன்னா தண்ணி போற பக்கம். நாங்க அப்படித்தான் சொல்லுவோம். பூங்கா மேலே, பாலம் கீழே."

ஒற்று பென்சிலைக் கீழே வைத்தார். "நடக்க வர்றவங்களும் அப்படிச் சொல்லுவாங்களா?"

"அவங்களுக்குக் கீழேன்னா படிக்கட்டுங்க."

"மீட்டப்போ கயிறு எங்க இருந்தது? தண்ணியில தொங்குச்சா?"

"இல்லீங்க, படகுக்குள்ள. பெரியவர் காலடியில. அழகா சுருட்டி, நுனியை நடுவுல சொருகி..." சட்டென்று நிறுத்தினார். "நான் சொருக மாட்டேங்க. அவசரத்துக்கு அவிழாது. அது பழைய பெரிய ஓடத்து ஆளுங்க பழக்கம். அந்த ஓடம் நின்னே பல வருஷம் ஆச்சு."

ஒற்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

துறையை அடைந்தபோது ஐந்தேகால். விசாரணை அதிகாரி வரவில்லை. நாற்காலி மட்டும் வந்திருந்தது. கரையில் மாலை நடைக்காரர்கள் கையை வீசி வீசி, யார் பிழைப்பு போனாலும் தங்கள் இடுப்புச் சதை போகவேண்டும் என்ற உறுதியோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

மச்சினன் மீசைக்காரரைப் பார்த்ததுமே வழக்கை முடித்துவிட்டான். பக்கத்துப் படகின் சொந்தக்காரர், போட்டியாளர், அந்த மீசைக்கு ஒரு குற்றமாவது செய்யாவிட்டால் வீண்.

"இவருதான் மாமா. சந்தேகமே இல்ல."

"நேத்து அந்த நேரம் நாலு பேரை ஏத்திக்கிட்டு நடு ஆத்துல இருந்தேன்," என்றார் மீசைக்காரர். "பெரியவரைத் தூக்கிக் கரை சேர்த்ததே நான்தான் தம்பி."

மச்சினன் வழக்கை மறுபடி திறந்தான்.

டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் ஒற்று கடிதத்தைக் காட்டினார். அவள் படித்துவிட்டுப் பதறினாள். "அப்ப படகு முழுகிடுச்சா? என்கிட்ட யாருமே சொல்லலையே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், அக்காவோட இடத்துக்கு இந்தத் துறை மேற்பார்வையாளரோட மச்சினன் மோட்டார் படகோட காத்திருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க," என்றாள்.

"உலகத்துல மச்சினன்களாலதான் எவ்வளவு தொல்லை," என்றார் ஒற்று. மச்சினன் ஆற்றைப் பார்த்துக்கொண்டான்.

மேற்பார்வையாளர் டை கட்டியிருந்தார். ஷூவில் முகம் பார்க்கலாம். "நான் ஆபீஸ் ஆள் சார். தண்ணிப் பக்கமே போறதில்ல. கடிதம் காலையில பெட்டியில கிடந்தது. இதுல தெளிவாத்தானே இருக்கு, படகு கீழே போனதுன்னு!" என்று சொன்னபோது அவர் கை தானாகப் பாலத்தை நோக்கி நீண்டது.

ஒற்று படகுக்காரம்மாவின் படகருகே போய், மீசைக்காரரைப் படகைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதன் கயிற்று நுனியை அவிழ்த்து வந்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்," என்று மேற்பார்வையாளர் கையில் கொடுத்தார். அதற்குள் அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார். மணி ஆறாக ஏழு நிமிடம். அவர் முன்னால் உரிம ரத்து நோட்டீஸ், கையில் மூடி திறந்த பேனா. கட்டுப் போட்ட கையோடு பெரியவர் சற்றுத் தள்ளி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போடலாமா?" என்றார் அதிகாரி.

"போடலாம் மேடம். அதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றார் ஒற்று, கண்ணாடியை நிதானமாகத் துடைத்தபடி. "கட்டாத கயிறு தண்ணியில தொங்கும். தானா சுருண்டு படகுக்குள்ள ஏறி உக்காராது. யாரோ அவுத்து, சுருட்டி, உள்ளே போட்டிருக்காங்க. அந்தக் கைதான் கடிதமும் எழுதியிருக்கு. 'கீழே போனது'ன்னு நடக்க வர்றவர் எழுதமாட்டார். என் மச்சினனே முழுகிடுச்சுன்னு நினைச்சான்."

"கற்பனை!" என்று சீறினார் மேற்பார்வையாளர். "மேடம், இந்தம்மாவுக்கு எப்பவுமே அலட்சியம். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! ஒழுங்குன்னா என்னன்னு தெரியுமா இவங்களுக்கு? கயித்தைக் கண்ட இடத்துல போடறது..."

மச்சினன் அவர் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. ஐந்தாவது சுற்று முடிந்ததும் கட்டைவிரல் நுனியை மடக்கி, நடுவில் சொருகி, ஒரு தட்டுத் தட்டியது.

மேற்பார்வையாளர் எல்லோருடைய கண்ணும் போன இடத்துக்குத் தன் கண்ணையும் கொண்டுபோனார். கயிற்றைப் பாம்பு போல உதறினார். அது படகுக்குள் தொப்பென்று விழுந்தது.

பெரியவர் திரும்பாமலே நிமிர்ந்தார். "இந்தச் சத்தம்தான்! நேத்து பொண்ணுகூட போன்ல பேசிட்டிருந்தேன். காலடியில இப்படித்தான் விழுந்துது. அந்தம்மா வந்துட்டாங்கன்னு நினைச்சு, திரும்பாமலே கிளம்பலாம்மான்னு சொன்னேன்."

"டை கட்டறதுக்கு முன்னாடி பத்து வருஷம் பெரிய ஓடத்துல கயிறு கட்டினவருங்க அவரு," என்றார் மீசைக்காரர். "வெளிய சொன்னா கௌரவக் குறைச்சல்னு மறைச்சு வச்சிருக்காரு."

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு ஏதோ நினைத்து மறுபடி திறந்து, நோட்டீசில் படகுக்காரம்மாவின் பெயரை அடித்துவிட்டு, மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "உங்க பேரை முழுசா சொல்லுங்க."

மச்சினன் மெல்ல மாமாவின் அருகே வந்தான். "மாமா, நானும் மீசையைப் பார்க்காம கையைப் பார்த்திருந்தா..."

"நீதானே முழுகிடுச்சான்னு கேட்டே. அது இல்லேன்னா எனக்கு அந்த க் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்."

மூன்று வருடத்தில் முதல் பாராட்டு. அதுவும் அவனுடைய முட்டாள்தனத்துக்கு. அவன் வாங்கிக்கொண்டான்.

படகுக்காரம்மா படகில் இறங்கினார். சொருகியிருந்த நுனியைப் பிடுங்கி, தன் வழக்கப்படி வளையத்தில் கட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, முறிந்த கையில் இடிக்காமல் பெரியவருக்கு மாட்டிவிட்டார்.

"நேத்து பாதியில நின்னுபோச்சுங்க. கிளம்பலாமா?"

பெரியவர் இந்த முறை திரும்பி, கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று நன்றாகப் பார்த்தார்.

"கிளம்பலாம்மா."