நாற்பத்தோரு நாளும் பேசியவன்

அவிநாசியில் பஸ் மாறி ஏறியபோது அருள்செல்வனுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. போலந்திலிருந்து கிளம்பி முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். திருமுருகன்பூண்டியில் ரோட்டோரச் சிற்பக்கூடங்களின் முன்னால், இன்னும் கண் திறக்காத சாமி சிலைகள் வெயிலில் நின்றன. அவற்றைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று அவனுக்கு நம்பிக்கை வந்தது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் வழி நெடுக அவன் யோசனையாக இருந்தது. நாற்பத்தோரு நாட்களாக அவன் வீட்டுக்குப் போன் செய்யவில்லை.

ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க வூச் என்ற ஊருக்குப் போயிருந்தான். சொந்த ஊரைப் போலவே அதுவும் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர்தான். முதல் மாதம் நன்றாகவே போனது. பிறகு குளிர்காலம் வந்தது. பகல் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். அறையில் கூட இருந்தவன் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். வகுப்பு முடிந்ததும் பார்சல் குடோனில் பெட்டி தூக்கும் வேலை. பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. நாலைந்து நாட்கள் சேர்ந்தாற்போல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்ததும் உண்டு.

அம்மா கலைமகள், ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். வாராவாரம் போனில் ஆசையாகக் கேட்பாள். "எங்கெங்க கண்ணு சுத்திப் பாத்த?"

ஒரு ஞாயிறு, கிராகோவ் போய்வந்ததாகச் சொன்னான். இணையத்தில் யாரோ போட்டிருந்த கோட்டைப் படங்களை எடுத்து அனுப்பினான். அம்மா அவற்றைக் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டினாளாம். அடுத்து பிராக் நகரம் என்றான். உண்மையில் டிராம் வண்டியின் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி அவன் எங்கும் போனதில்லை.

ஜனவரியில் போன் உறைபனியில் விழுந்து செத்தது. தேர்வில் தோற்றதும் அதே வாரம்தான் தெரிந்தது. புதுப் போன் வாங்க அவனுக்கு மனமே வரவில்லை. வாங்கினால் பேச வேண்டும். பேசினால் இன்னொரு ஊரைச் சொல்ல வேண்டும். பிறகு காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் கிடந்தபோது, எதிரே காலியாகக் கிடந்த கட்டிலில் யாரோ பேசுவது கேட்டது. கோட்டை, ஆறு, பாலம் என்று உற்சாகமாக விவரிக்கும் குரல்.

அவனுடைய குரல்.

காய்ச்சல் படுத்தும் பாடு என்று அப்போது நினைத்தான்.

பூண்டியைத் தாண்டி ராயபுரத்தில் இறங்கி வீட்டுச் சந்துக்குள் நுழைந்ததும், பனியன் துணி பின்னும் பக்கத்து நிட்டிங் யூனிட்டின் இரைச்சலும் எண்ணெய் வாடையும் வந்து முகத்தில் மோதின. வீட்டின் கிரில் கதவு சாத்தியிருந்தது. அம்மா கையில் போனோடு வெளியே வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. கிரில்லுக்கு அந்தப்பக்கம் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, நானுங்ம்மா."

அவள் அவனைப் பார்த்தாள். குனிந்து கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடியும் அவனைப் பார்த்தாள்.

"ஆருங்ம்மா வந்திருக்கறது?" என்றது போன்.

அது அருள்செல்வனின் குரல்.

உள்ளேயிருந்து தங்கை சுபஸ்ரீ வந்தாள். அண்ணனைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா வியன்னாவுல இருந்து பேசிட்டிருக்குது," என்றாள், காற்றுக்குச் சொல்வதுபோல. "இப்பத்தான் பனியெல்லாம் காட்டுச்சு."

அம்மாவின் கையில் போன் திரும்பியது. வீடியோ காலில் அவன் முகம் இருந்தது. கன்னம் சதை போட்டு, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியவனின் முகம். பின்னால் பனி மூடிய ரயில் நிலையம். திரையின் மேலே அவனுடைய போலந்து எண். அந்த எண்ணுக்குரிய சிம், செத்த போனுக்குள் அவன் பையில் கிடந்தது.

திரையிலிருந்தவன் அவனைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. எப்படியும் வருவான் என்று தெரிந்திருந்தவன் போலப் பார்த்தான்.

"அம்மா, கதவத் தொறந்துறாதீங்க," என்று மெல்லச் சொன்னான். "அது நானில்லீங்."

"பொய்யிங்ம்மா." அருள்செல்வன் கிரில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நான் நாப்பத்தோரு நாளாப் பேசவே இல்லீங். போன் ஒடஞ்சு போச்சு. காச்சல்ல கெடந்தேன்."

"தெனமும் பேசுனியே கண்ணு," என்றாள் அம்மா. "ஒரு நாளு தவறலியே." யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

நிட்டிங் யூனிட்டில் மெஷின்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. அம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

"உங்கப்பன் சாகறப்ப கடைசியா என்ன சொன்னாரு?"

அருள்செல்வன் வாயைத் திறந்தான். அவன் சொல்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"வெளக்கப் போடு சாமின்னாருங்," என்றது போன். "வெளக்கு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு."

அது சரியான பதில். ஆஸ்பத்திரியில் அந்த நேரம் அம்மாவும் அவனும் மட்டும்தான் இருந்தார்கள். சுபஸ்ரீ விசும்பத் தொடங்கினாள். அம்மா ஓரடி பின்னால் போனாள். கிரில்லிடமிருந்து. அவனிடமிருந்து.

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரிந்திருந்தது. சின்ன வயதில் விழுந்த கதை, அம்மா திட்டிய வார்த்தை, எதைச் சொன்னாலும் அது முந்திக்கொள்ளும். சொந்த வீட்டு வாசலில், நட்டநடுப் பகலில், தான்தான் அருள்செல்வன் என்று நிரூபிக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

கிரில்லை விடாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் எங்கயும் போகலீங்ம்மா," என்றான். குரல் உடைந்தது. "கிராகோவு போகல. பிராக் போகல. அந்தப் படமெல்லாம் ஆரோ எடுத்தது. குடோன்ல பொட்டி தூக்குனேன். பரிட்சையில தோத்துட்டேன். பேச ஒரு ஆளில்லாம செவுத்தப் பாத்துட்டுக் கெடந்தேன். நீங்க சந்தோசப்படறீங்கன்னு பொய் சொன்னேன். முடியலீங்ம்மா. அதான் வந்துட்டேன்."

அம்மா போனை முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

"நீ சொல்லு," என்றாள். "அங்க போயி ஒரு நாளாச்சும் அழுதியா?"

"நான் ஏனுங்ம்மா அழுகறேன்?" அது சிரித்தது. "நான் இங்க நல்லாத்தான இருக்கறேன்."

அம்மா கிரில்லைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். குளிரில் தோல் வெடித்து, பார்சல் டேப் அறுத்த கோடுகளோடு கறுத்துப் போயிருந்தன. போனைச் சுபஸ்ரீயிடம் நீட்டிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள். அவன் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"அமத்து," என்றாள் மகளிடம்.

சுபஸ்ரீ அழைப்பைத் துண்டித்தாள். முகம் போகவில்லை. ஸ்விட்ச்சை அழுத்திப் பிடித்தாள். முகம் போகவில்லை. அலறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, வாசலோரம் புழக்கத்துக்கு வைத்திருந்த உப்புத் தண்ணித் தொட்டிக்குள் போனைப் போட்டாள். வெளிச்சம் அடியில் போய்க் கிடந்தது. தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது. இப்போது அதில் சிரிப்பு இல்லை.

"அம்மா, எங்க போறதுங்ம்மா நான்?"

அருள்செல்வனை அணைத்திருந்த கைகள் ஒரு கணம் தளர்ந்தன. அவனுக்கு அது தெரிந்தது. பிறகு வெளிச்சம் அணைந்தது. கைகள் மறுபடி இறுகின.

அந்தப் போனைத் தாராபுரம் போகும் வழியில் ஆற்றில் வீசிவிட்டு வந்தாள் சுபஸ்ரீ. அம்மா வேறு போன் வாங்கவில்லை. அருள்செல்வன் கல்லூரிக்கு விலகல் கடிதம் அனுப்பிவிட்டு, அந்தப் பக்கத்து நிட்டிங் யூனிட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தான். உடம்பு தேறியது. கைவெடிப்பு ஆறியது. சம்பவத்தைப் பற்றி மூவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் முன்னைக்கு இப்போது முகம் தெளிந்திருந்தாள். வேலைக்குப் போகும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். மகன் திரும்பி வந்த நிம்மதி என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய் யூனிட் நின்றது. அருள்செல்வன் கால் மணி நேரம் முன்னதாகவே சாப்பிட வீட்டுக்கு வந்தான். அம்மாவுக்கு அன்று லீவு. மெஷின் ஓசை அடங்கியதால் சந்தே வெறிச்சென்றிருந்தது. செருப்பைக் கழற்றும்போது உள்ளறையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

அம்மா கட்டிலில், சுவரைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கைகளும் காலியாக விரிந்திருந்தன. யாரோ சொல்லும் கதையைக் கேட்பவள்போலத் தலையை ஆட்டினாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மெதுவாப் பேசு கண்ணு," என்றாள். "அவன் வர்ற நேரமாச்சு."

சுவரின் பக்கமிருந்து, அருள்செல்வனின் குரலில், பதில் வந்தது.

"வந்துட்டானுங்ம்மா."