குடல் ராணியின் சாம்பல் ஈ

"குடல் ராணி வாழ்க!"

ஏரிக்குள் நின்றபடி எய்வின் கத்தினான். தண்ணீர் அவன் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. ஆனால் இந்தப் பன்னிரண்டு வயது அண்ணன்மார்கள் இருக்கிறார்களே, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலே கப்பலோட்டி என்ற நினைப்பு வந்துவிடும்.

கரையில் விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்த ராக்னாவுக்குக் காது சிவந்தது.

அந்தப் பட்டம் அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. இலையுதிர் காலம் வந்தால் போதும், அவர்கள் குடும்பம் மலைமேல் லங்கவான் ஏரிக்கரையில் உள்ள மரவீட்டுக்கு வந்துவிடும். அப்பா, அத்தை பொர்கில், எய்வின், ராக்னா என்று நாலு பேரும் ட்ரவுட் மீன் பிடிப்பார்கள். வலையும் கிடையாது, புழுவும் கிடையாது. சின்னக் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈதான். நிஜப் பூச்சி என்று நினைத்து மீன் வந்து கடிக்க வேண்டும்.

அதோடு அப்பா போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. அன்றைக்கு யார் ஒரு மீனும் பிடிக்கவில்லையோ, அவர்தான் எல்லோருடைய மீனையும் அறுத்து, குடல் எடுத்து, கழுவித் தர வேண்டும்.

மூன்று வருடமாக அது ராக்னாதான். ஒருமுறைகூட வேறு யாரும் இல்லை.

இன்றைக்குக் கடைசி நாள். ட்ரவுட்டுகள் முட்டையிடும் காலம் வந்துவிட்டது. நாளையிலிருந்து அடுத்த கோடை வரைக்கும் யாரும் தூண்டில் போடக் கூடாது. இன்றும் வெறுங்கையோடு மலை இறங்கினால், எய்வின் அந்தப் பட்டத்தைப் பள்ளிப் பேருந்திலேயே கத்துவான். கத்தாமல் இருக்க அவனுக்குத் தெரியவே தெரியாது.

"அங்க என்னம்மா பண்ற? ஆழத்துக்கு வா!" அப்பா தூரத்திலிருந்து கூப்பிட்டார். மார்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை, மார்பு வரைக்கும் தண்ணீர். "பெரிய மீனெல்லாம் இங்கதான் இருக்கும்."

"நீங்க ஏதாவது பிடிச்சீங்களாப்பா?"

"இன்னும் இல்ல."

"அத்தை, நீங்க?"

"ஒரு கடி கூட இல்ல கண்ணு. கால் மரத்துப்போனதுதான் மிச்சம்."

நேற்று காற்றடித்தது. அலையில் மீன்கள் ஏமாந்தன. இன்று ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. இலை மஞ்சளாகிப்போன பிர்ச் மரங்களெல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன.

ராக்னா குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தாள். நேற்று சாயங்காலம் இதே இடத்தில்தான் மீன்களை அறுத்தாள். எந்த மீனின் வயிற்றைத் திறந்தாலும் உள்ளே ஒன்றேதான் இருந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில், சுருண்டு கிடந்த குட்டி இறால்கள். வயிறு முட்ட முட்டத் தின்றிருந்தன, தீனிப் பண்டாரங்கள்!

அந்த இறாலை மீன்கள் எங்கே பிடித்தன?

கரையோரத்தில் ஒரு கல்லைப் புரட்டினாள். அடியிலிருந்து நாலைந்து இறால்கள் பக்கவாட்டில் துள்ளி ஓடின. அடுத்த கல்லிலும் அப்படியே. பிறகு தொடையளவுத் தண்ணீருக்குப் போய், அடியிலிருந்து ஒரு கல்லை மூச்சுப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வெறும் கல். இன்னொன்றும் வெறும் கல்.

"அட!" என்றாள் ராக்னா. சாப்பாடு கரையில் இருக்கிறது. அப்புறம் சாப்பிட வருகிறவர்களுக்கு ஆழத்தில் என்ன வேலை?

அவள் தொப்பியில் இரண்டு மூன்று சாம்பல் ஈக்கள் குத்தியிருந்தன. கிழிந்த காலுறைக் கம்பளியைப் பிரித்து அவளே கட்டியவை. எய்வின் அவற்றுக்கு 'அழுக்கு உருண்டை' என்று பெயர் வைத்திருந்தான். இப்போது பார்த்தால் அச்சு அசல் அந்தக் குட்டி இறால் மாதிரியே இருந்தன. அதில் ஒன்றைத் தூண்டிலில் கட்டினாள். சத்தமில்லாமல் கரையேறி, ஒரு பாறைக்குப் பின்னால் மண்டியிட்டாள்.

"அப்பா, இங்க பாருங்க! இவ கல்லுல மீன் பிடிக்கிறா!" எய்வின் விழுந்து விழுந்து சிரித்தான்.

ராக்னா தூண்டிலை மெல்ல வீசினாள். ஒரு துடுப்பு நீளம்தான் போயிருக்கும். ஈ தண்ணீரில் மூழ்கியது. கொஞ்சம் இழுத்தாள். நிறுத்தினாள். மறுபடி கொஞ்சம் இழுத்தாள்.

பழுப்பு நிழல் ஒன்று கரையை ஒட்டி வந்தது. முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில், சொந்த வீட்டு முற்றத்தில் உலாவுவது மாதிரி வந்தது. நிழல் நின்றது. வெள்ளையாக வாய் திறந்தது.

விர்ர்ர்!

நூல் பறந்தது. தூண்டில் கோல் வில்லாக வளைந்தது.

"அப்பா! அத்தை! மாட்டிடுச்சு!"

"இழுக்காத! ஓடட்டும் விடு!" என்று அத்தை கத்தினாள்.

மீன் ஓடியது, ராக்னா விட்டாள். மீன் களைத்தது, ராக்னா நூலைச் சுற்றினாள். அது கடைசியாக ஒரு துள்ளு துள்ளி அவள் முகத்தில் தண்ணீரை வாரியடித்தது. அடுத்த நொடி, மாட்டிய மீனை வாரியெடுக்கும் கைவலைக்குள் கிடந்தது. தங்க நிற வயிறு, சிவப்புப் பொட்டுகள், அவள் முன்கையைவிட நீளம்.

ராக்னா கையிரண்டையும் தூக்கிக்கொண்டு கரை முழுக்கக் குதித்தாள். யார் பார்த்தால் என்ன?

"அதிர்ஷ்டம்!" என்றார் அப்பா.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது அதிர்ஷ்டம் வந்தது. அப்புறம் மூன்றாவது.

அத்தை யாரும் கூப்பிடும் வரைக்கும் காத்திருக்கவில்லை. தண்ணீரிலிருந்து தபதபவென்று ஏறி வந்து, "எனக்கும் ஒரு அழுக்கு உருண்டை குடுடி!" என்று வாங்கிக்கொண்டு அடுத்த பாறைக்குப் பின்னால் படுத்தேவிட்டாள்.

எய்வினும் கரையேறினான். உதடெல்லாம் நீலம். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. ஒன்றும் கேட்காமல் தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

ராக்னா அவனைப் பார்த்தாள். இவன் குடல் ராஜா ஆகப் போகிறான்! நினைக்கும்போதே இனித்தது. ஆனால் அவன் மூக்கை உறிஞ்சியது குளிரால் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசி நாளில் வெறுங்கையாக நிற்பது எப்படி வலிக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

தொப்பியிலிருந்து ஒரு ஈயை எடுத்து நீட்டினாள். "இந்தா. கிட்டக்கவே போடு. தலையத் தூக்காத."

"எனக்கா?" எய்வின் நம்பாமல் பார்த்தான். "நான் உன்ன அவ்வளவு கிண்டல் பண்ணினேனே..."

"பண்ணின. மறக்கல. சீக்கிரம் கட்டு, வெயில் போகுது."

அவனுக்கும் ஒன்று மாட்டியது. அவன் போட்ட கூச்சலில் மலை இரண்டு தடவை பதில் சொன்னது. "குடல் ரா..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ராக்னா வாழ்க!" என்று கத்தினான்.

"அப்பா, நீங்களும் வாங்க!" ராக்னா கூப்பிட்டாள். "உங்களுக்கும் ஒண்ணு கட்டித் தரேன்!"

"கரையில உக்காந்து பிடிக்கிறதெல்லாம் சின்னப் புள்ளைங்க வேலைம்மா. நான் இங்கயே ஒரு பெருச பிடிச்சுக் காட்டறேன் பாரு!"

"அப்ப நான் சின்னப் புள்ளையா?" என்றாள் அத்தை, தன் இரண்டாவது மீனைத் தூக்கிக் காட்டியபடி.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. அத்தை நெருப்பு மூட்டிக் காபிக் கெட்டிலை வைத்தாள். அப்பா நடுங்கிக்கொண்டே கரையேறினார். பாறை மேல் ஆறு மீன்கள் வரிசையாகக் கிடந்தன. அப்பாவுடையது ஒன்றும் இல்லை.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?" என்றார் அப்பா. மூன்று பேரும் கத்தியைக் காட்டினார்கள். அவர் பெருமூச்சு விட்டார். "சரி, சரி. சட்டம்னா சட்டம்தான். கத்தியக் குடுங்க."

ராக்னா கத்தியைக் கொடுத்துவிட்டு, சூடான சாக்லேட் பாலோடு நெருப்பருகே காலை நீட்டி உட்கார்ந்தாள். எத்தனை சுகம்!

அப்பா முதல் மீனை அறுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். விரலால் கிளறிப் பார்த்தார்.

"இதென்னது? வயிறு பூரா இறாலு! இது கரையோரத்துக் கல்லுக்கு அடியில இருக்கிறதாச்சே!" அவர் ஏரியைப் பார்த்தார். "அப்ப இத்தன நாளும் நாம..."

"ஆமாப்பா. மீனோட சாப்பாட்டுத் தட்ட மிதிச்சுட்டு உள்ள போயிட்டிருந்தோம்."

அப்பா வாயைப் பிளந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மூணு வருஷமா இதப் பாத்தவ நீ ஒருத்திதான்! இது தெரியாம நான் பாரு..."

"அப்பா, பேச்சு அப்புறம்," என்றாள் ராக்னா. "இன்னும் அஞ்சு மீன் இருக்கு!"